அமெரிக்காவின் அச்சுக் கார் பத்திரிகைகளை மூடவைத்தது யார்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு காலத்தில் கடை கடையாகத் தொங்கிய கார் பத்திரிகைகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின? யூடியூப் வந்ததுதானே காரணம்? பழைய இதழ்கள் கையில் கிடைத்தால் வாங்கி வைப்பதில் பயன் உண்டா?

யூடியூப் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் என்று விட்டுவிட்டால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். வாசகர்கள் விலகிப் போவதற்கு வெகு முன்பே அந்தப் பத்திரிகைகள் வாசகர் தரும் காசை நம்பிப் பிழைப்பதை விட்டிருந்தன. முதலில் விளம்பரதாரரை நம்பின, அப்புறம் கடனின் கீழ் வந்தன. இணையம் வந்து மோதியபோது தாங்கிப் பிடிக்க அடியில் எதுவும் இல்லை. அதை வரிசையாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பெரிய அடி விழுந்தது 2019 டிசம்பர் 6 அன்று. டென் பப்ளிஷிங் என்ற நிறுவனத்திடம் அப்போது 22 அச்சு இதழ்கள் இருந்தன. அவற்றில் 19-ஐ நிறுத்தப் போகிறோம் என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டார்கள். மோட்டார் ட்ரெண்ட், ஹாட் ராட், ஃபோர் வீலர் ஆகிய மூன்று மட்டும் தொடரும் என்றார்கள். ஆட்டோமொபைல், கார் கிராஃப்ட், ஸ்ட்ரீட் ராடர், சூப்பர் செவி, மஸ்டாங் மன்த்லி, சூப்பர் ஸ்ட்ரீட், லோரைடர் எல்லாம் அன்றைக்குப் போனவை. லோரைடர் 1977-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மெக்சிக வம்சாவளி மாணவர்கள் தொடங்கிய இதழ். ஒரு சமூகமே தன் காரையும் தன் தெருவையும் அட்டைப்படத்தில் பார்த்துப் பெருமைப்பட்ட பத்திரிகை அது. கார் கிராஃப்ட் இன்னும் பழையது. 1953-இல் ஹாங்க் என்ற பெயரில் தொடங்கி, அதே ஆண்டு பெயர் மாறியது.

இவற்றில் பலவற்றுக்கும் மூலவர் ராபர்ட் பீட்டர்சன் என்ற ஒரே ஆள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்களுக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். பீட்டர்சன் அதற்கு முன்பு எம்ஜிஎம் படக்கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் இந்தக் கார்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தபோது, பீட்டர்சனும் கூட்டாளி ராபர்ட் லிண்ட்சேயும் ஹாட் ராட் முதல் இதழைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் விற்றார்கள். விலை 25 சென்ட்.

விற்றவரும் வாங்கியவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட வியாபாரம் அது. இதழ் நன்றாக இருந்தால் அடுத்த மாதமும் வாங்குவான், இல்லாவிட்டால் மாட்டான். கணக்கு அவ்வளவுதான்.

அந்தப் பத்திரிகை சும்மா படம் காட்டவும் இல்லை. அந்த நாளில் ஹாட் ராட் பையன் என்றால் ஊரில் ரவுடி என்றுதான் அர்த்தம். தெருவில் பந்தயம் ஓட்டி அடிபட்டுச் சாவான் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஹாட் ராட் ஆசிரியர் வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கி, தெருவில் ஓடிய பந்தயத்தை விதிமுறையும் பாதுகாப்புச் சோதனையும் உள்ள களத்துக்குக் கொண்டுபோனார். இன்றும் அமெரிக்காவில் டிராக் பந்தயம் என்ற நேர்கோட்டு வேகப் பந்தயத்தைப் பெரும்பாலும் நடத்துவது அந்தச் சங்கம்தான். ஒரு மாதப் பத்திரிகை ஒரு விளையாட்டையே உண்டாக்கிக் கொடுத்தது. பத்திரிகை போனால் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கார் பத்திரிகை என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று புதுக் காரை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பத்திரிகை: ரோடு அண்ட் ட்ராக் 1947-இலிருந்து, மோட்டார் ட்ரெண்ட் 1949-இலிருந்து, கார் அண்ட் டிரைவர் 1955-இலிருந்து. கார் அண்ட் டிரைவருக்கு முதலில் ஸ்போர்ட்ஸ் கார்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்று பெயர். இன்னொன்று கையில் ஸ்பேனரோடு படிக்கும் பத்திரிகை: கார் கிராஃப்ட், பாப்புலர் ஹாட் ராடிங், ஸ்ட்ரீட் ராடர் எல்லாம் இந்த வகை. முதல் வகை இன்றும் ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருக்கிறது. அடியோடு சாய்ந்தது இரண்டாவது வகைதான். எனக்கு அதிக வருத்தமும் அதில்தான்.

அந்த இரண்டாம் வகைக் கட்டுரை ஒன்று எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். செவர்லே 350 கன அங்குல வி8 எஞ்சின். பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து வந்தது. முதல் பக்கத்தில் எண்ணெய் அழுக்கோடு அப்படியே ஒரு படம். அடுத்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சரியான கோணத்தில் உட்காரவைக்க, கிராங்க் முனையில் மாட்டிய டிகிரி சக்கரமும் அதன் மேல் வளைத்துவிட்ட கம்பி முள்ளும் தெரிகிற படம். அதன் கீழே மூன்று வரிக் குறிப்பு: முள் எந்த எண்ணில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும். இப்படி இருபது முப்பது சிறு படங்கள். கடைசிப் பக்கத்தில் டைனோ என்ற திறன் அளக்கும் கருவியில் எஞ்சினை ஓடவிட்டு எடுத்த அட்டவணை, சில நூறு சுற்றுக்கு ஒரு வரி: இந்தச் சுற்றில் இவ்வளவு முறுக்குவிசை, இவ்வளவு குதிரைத்திறன். பழைய சிலிண்டர் ஹெட்டோடு ஒரு பத்தி, புது ஹெட்டோடு பக்கத்திலேயே இன்னொரு பத்தி. அதற்கும் கீழே போட்ட பாகம் ஒவ்வொன்றின் பார்ட் நம்பரும் விலையும்.

சனிக்கிழமை ஷெட்டில் நின்று வேலை செய்கிறவனுக்கு அது போதும். பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கிரீஸ் கையோடு பார்த்துப் பார்த்துச் செய்வான். எழுதியவரும் அதே வேலையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார். இல்லாவிட்டால் அடுத்த மாதமே வாசகர் கடிதப் பக்கத்தில் மானம் போய்விடும்.

பாப்புலர் ஹாட் ராடிங் இதழ் 1965-இல் 250 டாலருக்கு ஒரு 1957 செவர்லே காரை வாங்கியது. ப்ராஜெக்ட் எக்ஸ் என்று பெயர் வைத்து, பல பத்தாண்டுகள் அதே காரில் எஞ்சின் மாற்றி, சஸ்பென்ஷன் மாற்றி, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார்கள். அப்பா படித்த காரையே மகனும் படித்தான். 2014-இல் பத்திரிகை நின்றது. கார் மட்டும் நிற்கவில்லை. 2021-இல் அதில் செவர்லே மின் மோட்டாரைப் பூட்டி லாஸ் வேகாஸில் நடக்கும் சேமா என்ற வாகனப் பாகக் கண்காட்சியில் காட்டினார்கள்.

சோதனை ஓட்டப் பத்திரிகைகளின் வேலை வேறு மாதிரி. பழைய நாளில் காரின் பின்பக்கம் சைக்கிள் சக்கரம் போல ஐந்தாவது சக்கரம் ஒன்றை மாட்டி வேகத்தை அளந்தார்கள். இன்று செயற்கைக்கோள் கருவி வைத்து அளக்கிறார்கள். காற்று ஒரு பக்கமாக அடித்தால் கணக்குத் தப்பும் என்பதால் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் போடுவார்கள். இன்னொரு நுணுக்கம்: அமெரிக்கப் பத்திரிகைகள் சொல்லும் 0-60 மைல் நேரத்தில் கார் நகரும் முதல் ஓர் அடி தூரம் கணக்கில் வராது. டிராக் பந்தயக் களத்தில் சக்கரம் ஒளிக்கதிரைத் தாண்டிய பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பதால் வந்த வழக்கம் அது. அதனாலேயே சுமார் 0.3 விநாடி குறைவாகக் காட்டும். முறை தெரிந்தால்தான் எண்ணை நம்பவோ ஒப்பிடவோ முடியும். இந்தப் பத்திரிகைகள் முறையைச் சொல்லிவிட்டு எண்ணைத் தந்தன. இன்று காணொளியில் செல்பேசியைக் காட்டி 'நாலு செகண்டு' என்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்லவரவில்லை. 1964 மார்ச் மாத கார் அண்ட் டிரைவர் அட்டையில் பான்டியாக் ஜிடிஓ காரும் ஃபெராரி ஜிடிஓ காரும் மோதுவதாக ஓவியம் போட்டார்கள். உள்ளே போனால், சோதனைக்கு ஃபெராரி வரவே இல்லை. பான்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டதாகவும், கால் மைலை 13.1 விநாடியில் கடந்ததாகவும் எழுதினார்கள். அந்தக் காரில் 389 கன அங்குல எஞ்சின் இருந்த இடத்தில் 421-ஐ வைத்து அனுப்பியிருந்தோம் என்று பான்டியாக்கின் விளம்பரப் பணியைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பத்திரிகைக்கு அந்த இதழ் பேரைத் தந்தது, பான்டியாக்குக்கு விற்பனையைத் தந்தது. ஏமாந்தது வாசகன்.

அந்த இதழை நடத்திய ஆசிரியர் டேவிட் இ. டேவிஸ். அவரே 1968 ஏப்ரலில் பிஎம்டபிள்யூ 2002 என்ற சின்னக் காரைப் பற்றி ஒரு மதிப்புரை எழுதினார். அமெரிக்காவில் அதிகம் பேர் அறியாத அந்தக் காருக்கு அது பெரிய வாசலைத் திறந்தது. எண்களை அடுக்காமல், அந்தக் காரை ஓட்டினால் மனிதனுக்கு உள்ளே என்ன ஆகிறது என்று எழுதினார். அதே கட்டுரையில் காரிலிருந்த பிளௌபுங்ட் ரேடியோவை ஒரு பிடி பிடித்தார். விளம்பரம் தருகிற கம்பெனி அது. கொதித்துவிட்டார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் டேவிஸ் வேலையை விட்டுப் போனார் என்பது அந்தத் துறையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. பிறகு கார் அண்ட் டிரைவருக்கே திரும்பி வந்தார். 1986-இல் ரூப்பர்ட் மர்டாக்கின் பணத்தில் ஆட்டோமொபைல் என்ற இதழைத் தொடங்கினார். 2019-இல் நின்ற 19-இல் அதுவும் ஒன்று.

ரேடியோ விவகாரத்தை எடுத்துச் சொன்னது காரணத்தோடுதான். வாசகனுக்கும் விளம்பரதாரருக்கும் நடுவில் ஆசிரியர் நின்ற இடம் அது. அந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே போனது.

எப்படிச் சுருங்கியது என்றால், பணக் கணக்கில். அமெரிக்கப் பத்திரிகை உலகில் விளம்பரதாரருக்கு 'இத்தனை பிரதி கட்டாயம் போகும்' என்று ஒரு வாக்கு கொடுப்பார்கள். விளம்பரக் கட்டணமே அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். கார் அண்ட் டிரைவர் பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குக் கொடுத்து ஓடிய இதழ். எண்ணிக்கை குறைந்தால் விளம்பர வருமானம் குறையும். அதனால் சந்தாவைச் சல்லிசாக்கினார்கள். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு டாலருக்கு இதழ் வீடு தேடி வந்தது. காகிதம், அச்சு, தபால் செலவுக்கே அது காணாது. வாசகன் தரும் காசில் நஷ்டப்பட்டு, அந்த வாசகனின் தலையை எண்ணிக் காட்டி விளம்பரதாரரிடம் லாபம் பார்ப்பது என்று தொழிலே தலைகீழாகிவிட்டது. விளம்பரம் கொழித்த வரைக்கும் இது யாருக்கும் உறுத்தவில்லை.

சந்தாவில் இல்லாத லாபம் கடை விற்பனையில் இருந்தது. முழு விலை கொடுத்து வாங்குகிறவன் அங்கேதான். ஆனால் அமெரிக்கக் கடைக்குப் போகும் பத்திரிகை விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சடித்ததில் பாதிக்கு மேல் விற்காமல் கூழாக்கப்படுவது சர்வ சாதாரணம். அந்த வழியும் 1990-களின் நடுவில் குறுகத் தொடங்கியது. பெரிய பல்பொருள் அங்காடிகள், ஊருக்கொரு மொத்த வியாபாரியிடம் வாங்க மாட்டோம், பரந்த பகுதிக்கு ஒரே ஆள் போதும் என்றன. நூற்றுக்கும் மேல் இருந்த மொத்த வியாபாரிகள் சில ஆண்டுகளில் ஒரு கைவிரலில் எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். உள்ளூர்க் கடையில் எந்தப் பத்திரிகை போகும் என்று தெரிந்த ஆட்கள் போய்விட்டார்கள். எங்கோ உட்கார்ந்து ஒரே கணக்கில் எல்லா ஊருக்கும் அனுப்பினார்கள். பிறகு 2009 தொடக்கத்தில் ஆண்டர்சன் நியூஸ் என்ற பெரிய விநியோக நிறுவனம், ஒரு பிரதிக்கு 7 சென்ட் கூடுதலாகக் கேட்டது. பதிப்பகங்கள் மறுத்தன. கடையை மூடிவிட்டது.

இப்போது கடன் கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இதைத்தான் குறைவாகப் பேசுகிறார்கள். பீட்டர்சன் 1996-இல் தன் நிறுவனத்தை 45 கோடி டாலருக்கு விற்றார். சில ஆண்டுகளில் அதை பிரிட்டனின் ஈமேப் நிறுவனம் 100 கோடிக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கட்டுப்படியாகவில்லை. 2001-இல் ப்ரைமீடியாவுக்கு 50 கோடி சொச்சத்துக்குத் தள்ளிவிட்டது. 2007-இல் ப்ரைமீடியா தன் ஆர்வலர் இதழ்களைச் சோர்ஸ் இன்டர்லிங்க் என்ற நிறுவனத்துக்கு ஏறக்குறைய 120 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர் கடன் வாங்கித்தான் வாங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்தில் நின்றன; கார் விளம்பரம் வற்றியது. அதே ஆண்டு சோர்ஸ் இன்டர்லிங்கும் திவால் மனு போட்டது.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் வட்டிகட்டப் பணம் வேண்டும். பணம் எங்கிருந்து வரும்? ஆளைக் குறைத்து, பக்கத்தைக் குறைத்து, காகிதத்தை மெலிதாக்கி, ஒரே கட்டுரையை இரண்டு மூன்று சகோதர இதழ்களில் மாற்றிப் போட்டு வந்தது. சூப்பர் செவியில் வந்த எஞ்சின் வேலை, செவி ஹை பெர்ஃபார்மன்ஸில் வந்த வேலை போலவே இருந்தால் வாசகன் இரண்டில் ஒன்றை விடத்தானே செய்வான்? பாகம் தயாரிக்கும் கம்பெனியின் பொருளை அதே கம்பெனியின் பட்டறையில் பொருத்திக் காட்டி, அடுத்த பக்கத்திலேயே அதற்கு முழுப்பக்க விளம்பரமும் போட்டார்கள். முன்பு டேவிஸ் ரேடியோவுக்காகப் போட்ட சண்டையைப் போட ஆள் இல்லை. இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் இதழ் முழுவதையும் எழுதி, படமெடுத்து, மாதாமாதம் கொண்டுவந்தார்கள்.

இதில் இன்னொன்று: சோர்ஸ் இன்டர்லிங்க் பத்திரிகை வெளியிட்டதோடு பத்திரிகை விநியோகமும் செய்த நிறுவனம். 2014-இல் டைம் நிறுவனம் தன் இதழ்களை அதனிடம் கொடுப்பதை நிறுத்தியவுடன் விநியோகப் பிரிவே மூடப்பட்டது. 6,000 பேர் வரை வேலை இழந்தார்கள். அதையொட்டியே பாப்புலர் ஹாட் ராடிங், ராட் அண்ட் கஸ்டம் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட இதழ்களை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த வெளியீட்டுப் பகுதிக்குத்தான் டென் என்று பெயர் மாறியது. 2019 அறிவிப்பு இந்த வரிசையின் கடைசிப் படி.

இதற்கெல்லாம் நடுவில்தான் இணையம் வந்தது. அது முதலில் அடித்தது கட்டுரைகளை அல்ல, வரி விளம்பரங்களை. ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ் என்று 1954-இலிருந்து ஓர் இதழ். பழைய கார் வாங்க விற்க வரும் சிறு விளம்பரங்களே அதன் உயிர். தொலைபேசிப் புத்தகம் போலத் தடியாக வரும். ஈபே வந்ததும் அந்தக் கூட்டம் அங்கே நகர்ந்தது. 2007-இல் பிரிங் எ ட்ரெய்லர் என்ற ஏலத் தளம் தொடங்கியது. கார் அண்ட் டிரைவரையும் ரோடு அண்ட் ட்ராக்கையும் வெளியிடும் ஹெர்ஸ்ட் நிறுவனமே 2020-இல் அந்தத் தளத்தை வாங்கிவிட்டது. காரைப் பற்றி எழுதுவதைவிடக் காரை விற்றுக் கொடுப்பதில் காசு இருக்கிறது என்பதை அந்த நிறுவனம் சரியாகவே கணித்தது.

அடுத்து செய்தி. மாத இதழ் தயாராகி வாசகன் கைக்குப் போக இரண்டு மூன்று மாதம் ஆகும். புதுக் கார் வெளியான அன்றே படமும் விவரமும் இணையத்தில் கிடைக்கும்போது, மூன்று மாதப் பழைய செய்தியை அட்டையில் போட்டு விற்க முடியாது. அப்புறம் பாக வியாபாரிகள். சம்மிட், ஜெக்ஸ் மாதிரியான கடைகள் பக்கம் பக்கமாக விலைப்பட்டியல் விளம்பரம் கொடுத்தவை. அந்த விளம்பரத்தையே உட்கார்ந்து படித்த வாசகர்கள் ஏராளம். அவர்களுக்குச் சொந்த வலைத்தளமும் சொந்தக் காணொளியும் வந்த பிறகு பத்திரிகையை எதற்குத் தேடிப் போவார்கள்?

காரும் மாறியது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான மின்னணுக் கண்டறி முறை கட்டாயமானது. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுவதைப் படமெடுத்துக் காட்டலாம். கணினியில் எரிபொருள் அட்டவணையைத் திருத்துவதை எப்படிக் காகிதத்தில் காட்டுவது? அதற்குத் திரைக் காணொளிதான் சரி. எஞ்சின் தட்டும் சத்தம் எப்படி இருக்கும் என்று எழுதிப் புரியவைக்க எவ்வளவு திறமை வேண்டியிருந்தது. காணொளியில் பத்து விநாடியில் காதில் விழுந்துவிடுகிறது. இதில் காணொளி மேல்தான். அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஹாட் ராட் ஆசிரியராக இருந்த டேவிட் ஃப்ரைபர்கரே அதைப் புரிந்துகொண்டார். 2012-இல் மைக் ஃபினிகனோடு சேர்ந்து ரோட்கில் என்ற காணொளித் தொடரை மோட்டார் ட்ரெண்டின் யூடியூப் பக்கத்தில் தொடங்கினார். ஓட்டைக் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், நின்ற இடத்தில் ரிப்பேர் செய்வார்கள். இதழ்களை விற்ற அதே நிறுவனத்தின் புது முகமாக அது ஆனது. 2017-இல் டிஸ்கவரி தொலைக்காட்சி நிறுவனம் மோட்டார் ட்ரெண்டில் கூட்டுச் சேர்ந்தபோது அதன் கண் காணொளியின் மேல்தான் இருந்தது, காகிதத்தின் மேல் இல்லை.

ஆனால் இணையத்தில் போட்டால் எல்லாம் அழியாமல் இருக்கும் என்று நம்பினோமே, அது பொய்த்தது. கார் ஆர்வலர்கள் தாங்களே செய்த வேலையைப் படிப்படியாக எழுதி, படங்களை ஃபோட்டோபக்கெட் என்ற இலவசத் தளத்தில் போட்டு வைத்திருந்தார்கள். 2017 கோடையில் அந்தத் தளம் வெளியிடங்களில் படம் தெரிய ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டு என்றது. ஒரே வாரத்தில் எத்தனையோ ஆண்டு உழைப்பில் சேர்ந்த செய்முறைகள் படமில்லாத வெற்று எழுத்தாயின. பிரேக் குழாய் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று காட்டிய படம் இல்லாமல் அந்த எழுத்தை வைத்து என்ன செய்வது? ஆட்டோமொபைல் இதழின் வலைத்தளமும் பிற்பாடு மோட்டார் ட்ரெண்டின் தளத்துக்குள் கரைக்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டின் காகித இதழை மட்டும் இன்றும் புரட்டலாம்.

அச்சு இதழுக்கு ஆளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். இதுதான் என் வாதத்துக்கு முக்கிய ஆதாரம். ஸ்ட்ரீட் ராடர் நிறுத்தப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதன் ஆசிரியராக இருந்த பிரையன் பிரென்னனும் சிலரும் சேர்ந்து 2020-இல் மாடர்ன் ராடிங் என்ற அச்சு மாத இதழைத் தொடங்கினார்கள். கொரோனா நடுவில். பிறகு செவர்லேவுக்கும் பழைய டிரக்குகளுக்கும் தனி இதழ்கள் சேர்த்தார்கள். அதே வாசகர், அதே பாகக் கம்பெனிகள், அதே வகைக் கட்டுரை. தலைக்கு மேல் பழைய கடன் மட்டும் இல்லை. போர்ஷே கார்களுக்கென்று பீட் ஸ்டௌட் 2016-இல் தொடங்கிய 000 என்ற காலாண்டிதழின் ஆண்டுச் சந்தா 200 டாலருக்கும் மேல். கொடுத்து வாங்குகிறார்கள். ரோடு அண்ட் ட்ராக்கும் மாதாமாதம் வருவதை விட்டு, தடித்த காகிதத்தில் கூடுதல் விலைக்கு ஆண்டுக்குச் சில இதழ்கள் என்று மாறியது. ஹேகர்ட்டி பழைய கார் காப்பீட்டு நிறுவனம். உறுப்பினர்களுக்கு நல்ல தரத்தில் ஒரு பத்திரிகை அனுப்புகிறது. ரோடு அண்ட் ட்ராக்கின் தலைமை ஆசிரியராக இருந்த லாரி வெப்ஸ்டர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

இவற்றில் எனக்குப் பிடித்தது மாடர்ன் ராடிங் வழிதான். 200 டாலர் இதழ் அழகாக இருக்கும், வசதியுள்ளவன் அலமாரியில் வைப்பான். பதினாறு வயதுப் பையன் கடையில் சில டாலருக்கு வாங்கி, எஞ்சினைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட வழி அதில் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பத்திரிகை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், ஏற்கெனவே பழைய கார் வைத்திருப்பவன் கைக்குத்தான் முதலில் போகும். நாளை அந்த நிறுவனம் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் நிற்பதும் அதுதான்.

நம் ஊரில் இந்தக் கதை இதே வரிசையில் நடக்கவில்லை. ஓவர்டிரைவ் 1998-இலும் ஆட்டோகார் இந்தியா 1999-இலும் வந்தபோது நமக்கு அது தொடக்க காலம். தமிழில் மோட்டார் விகடன் அதற்கும் பிறகுதான். சொந்தமாக எஞ்சின் பிரிக்கும் பத்திரிகை என்ற வகை இங்கே வேரூன்றவே இல்லை, வண்டியை மாற்றியமைக்கச் சட்டமும் எளிதில் இடம் தருவதில்லை. அதனால் அமெரிக்காவில் என்ன போயிற்று என்பது நம்மில் பலருக்கு உடனே உறைக்காது.

சரி, பழைய இதழ்களை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பார்த்து. புதுக் காரைப் புகழ்ந்த 1990-களின் இதழ்களுக்குப் பெரிய மதிப்பில்லை; கார் அண்ட் டிரைவர் தன் பழைய சோதனைக் கட்டுரைகளைத் தானே தளத்தில் ஏற்றி வருகிறது. செய்முறை இதழ்கள்தான் தேடத் தக்கவை: கார் கிராஃப்ட், பாப்புலர் ஹாட் ராடிங், ஹாட் ராட், குறிப்பாக 1970-களிலிருந்து 1990-கள் வரை. டைனோ அட்டவணையும் பார்ட் நம்பரும் உள்ள இதழா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் கிழிக்கப்பட்ட பக்கம் இருந்தால் பெரும்பாலும் அதுதான் அந்த இதழின் நல்ல கட்டுரை. விளம்பரங்களை ஒதுக்க வேண்டாம். எந்த ஆண்டில் எந்தப் பாகம் என்ன விலை என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. காகிதத்தை நேர் வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

ஆராய்ச்சிக்கு என்றால், டெட்ராய்ட் பொது நூலகத்தில் தேசிய வாகன வரலாற்றுத் தொகுப்பு என்று தனிப் பிரிவே இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் பழங்காலக் கார் சங்கம் நடத்தும் நூலகமும், ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸில் ரெவ்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் பழைய வாகன இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. எந்த மாதிரி எஞ்சின் அல்லது கார், எந்த ஆண்டு என்று குறிப்பாக எழுதிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் தேடுவது அவர்களுக்கும் கஷ்டம்.